டின் ரூம் அப்பா

விளையாடுங்க சார், நிறுத்தாதீங்க. நான் வந்து உக்காந்ததும் ஏன் நிறுத்திட்டீங்க? துண்ட மூஞ்சில போட்டுக்கிட்டு ‘அப்பாவக் காணோமே’ன்னு நீங்க சொல்ல, மடில இருக்க தம்பி துண்டப் பிடிச்சு இழுத்தான் பாருங்க, அதப் பாத்துட்டுத்தான் இந்த சீட்டுக்கே வந்தேன். பின்னால மூணு சீட்டு காலியாத்தான் கெடக்கு. இது ரெண்டும் வெறும் டின்னு, உங்க கால்ல இடிக்காது. கோவில்பட்டில ஒரு கடைக்கு சேவு போட்டுட்டு வாறேன்.

எத்தன மாசம் ஆகுது? எட்டா? அப்பச் சரி. எட்டு மாசத்துல இந்த விளையாட்டு ரொம்பப் பிடிக்கும். மூஞ்ச மூடுனா ஆளு எங்கயும் போயிரல, உள்ளதான் இருக்குன்னு அப்பதான் பிள்ளைக்குப் புரிய ஆரம்பிக்குமாம். நானாச் சொல்லல. எங்க ஊரு அங்கன்வாடி டீச்சர் செல்லக்கனின்னு, அவங்க சொன்னது.

ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்காதீங்க. பஸ்ஸுல இம்புட்டு ஆளு இருக்கு, உங்களுக்குக் கூச்சமா இல்லையா? ஏளனமாக் கேக்கல சார். தெரிஞ்சுக்கத்தான் கேக்கேன். உங்க அப்பா இருக்காரா? அவரு முன்னாடியும் இப்படித்தான் துண்டப் போட்டுக்கிட்டு விளையாடுவீங்களா?

சிரிக்கீங்க. அவரும் சேந்துக்குவாராக்கும். நல்லது சார். நல்லா இருங்க.

எம் பேரு காளிராஜ். சாத்தூருக்கு இந்தப் பக்கம் மெயின் ரோட்டு மேலயே எங்க சேவுக் கடை. முன்னால கடை, பின்னால வீடு, நடுவுல அடுப்பு. அய்யா கல்லாவுல இருப்பாரு. எங்க அப்பாவத்தான் அய்யாம்போம். அண்ணன் எண்ணெய்ச் சட்டிகிட்ட நின்னு சேவு தேய்ப்பாரு. நான் மாவு பெசைஞ்சு குடுத்து, டின்ல அடைச்சு, ஊர் ஊராக் கொண்டு போய்ப் போடுவேன். காலைல எந்திரிச்சதுலருந்து அய்யா கண்ணு முன்னாலதான் எங்க பொழப்பு. எண்ணெய் எந்தப் பதத்துல இருக்குன்னு அவரு உக்காந்த எடத்துலருந்து வாசத்தை வச்சே சொல்லிருவாரு. எங்க மனசுல என்ன ஓடுதுங்கறதையும் அப்படித்தான் கண்டுபிடிப்பாரு.

நல்ல மனுசன் சார். அதை மொதல்லயே சொல்லிருதேன். நான் சொல்லப் போறதக் கேட்டுட்டு அவரைக் கொடுமக்காரர்னு நெனச்சிரக் கூடாது. எங்க வீட்டுல ஒரு வழக்கம், அம்புட்டுத்தான். எங்க பக்கம் பல வீட்டுல உண்டு. பெத்த அப்பன் முன்னாடி, தான் பெத்த பிள்ளையத் தூக்கிக் கொஞ்சக் கூடாது. மரியாதை இல்ல. அய்யா முன்னாடி சிகரெட் பிடிப்பமா? கால் மேல கால் போட்டு உக்காருவமா? அந்த மாதிரி இதுவும்.

யாரும் உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தது இல்ல. அண்ணனுக்கு மூத்த பையன் பெறந்து ஒரு வருசம் இருக்கும். அண்ணன் கடை முன்னால வச்சு அவனத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. பிள்ள கெக்கெக்கேன்னு சிரிக்கான். அய்யா உள்ளருந்து வந்தாரு. சத்தமே போடல. “ஏலே, உன்னப் பெத்தவன் இங்கன நிக்கேன். உனக்கு உம் பிள்ள பெருசாப் போயிட்டோ?”ன்னு ஒரே ஒரு தடவ கேட்டாரு. அண்ணன் பிள்ளைய எறக்கி விட்டாரு பாருங்க, திருட்டுச் சாமானைக் கீழ வைக்கிற மாதிரி. நான் மாவுக் கையோட நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அதோட சரி. அண்ணன் பையன் இப்ப ஒம்பதாங் கிளாஸ் படிக்கான். ராங்க் கார்டுல கையெழுத்து வாங்கணும்னா அவங்க அம்மாகிட்டக் குடுத்து அனுப்புவான். அப்பன் பத்தடி தூரத்துலதான் நிப்பாரு.

தாத்தா கொஞ்சலாம். அதுக்கு ஒரு தடையும் இல்ல.

எனக்குப் பிள்ள பெறந்தது கல்யாணமாகி ஆறு வருசம் கழிச்சு. பெண் பிள்ள. அய்யாவோட ஆத்தா பேரையே வச்சோம், சீனியம்மாள். வீட்டுல சீனி. ஆஸ்பத்திரில நர்சம்மா பிள்ளையக் கொண்டாந்து “யாரு அப்பா?”ன்னு கேட்டாங்க. நான் வாயத் தொறக்குமுன்னே அய்யா கைய நீட்டிட்டாரு. சரிதான, பெரியவரு. நான் அவரு தோளுக்குப் பின்னால எக்கி நின்னு பாத்தேன். ஒரு காது மட்டும் தெரிஞ்சது.

அய்யாவுக்குப் பேத்தின்னா உசுரு. கல்லாவுல உக்காந்து மடில வச்சுக்குவாரு. இவ அவரு மீசையப் பிடிச்சு இழுப்பா, அவரு ‘ஆத்தாடி, ஆத்தாடி’ன்னு கத்துவாரு, கடைக்கு வந்த ஆளுக எல்லாம் சிரிக்கும். நான் அந்த மீசையப் பக்கத்துல பாத்ததே, அவருக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரில கெடந்தப்பதான். எதுக்கோ சொல்ல வந்தேன்... ஆமா, செல்லக்கனி டீச்சர்.

பிள்ளைக்கு மூணு மாசத்துல டீச்சர் வீட்டுக்கு வர ஆரம்பிச்சாங்க. எடை போடுவாங்க, சத்துமாவு குடுப்பாங்க, போயிருவாங்கன்னு பாத்தா, பாயப் போட்டு உக்காந்து என் வீட்டுக்காரி முனீஸ்வரிகிட்ட “பிள்ளையோட பேசுறியா? விளையாடுறியா?”ன்னு விசாரணை. நான் வாசப்படில நின்னு சிரிச்சேன். இன்னும் தலையே நிக்கல, இதுகிட்ட என்னத்தப் பேசன்னு. டீச்சர் திரும்பி, “காளிராஜ், உங்களுக்குந்தான் சொல்றேன். அது ‘ங்கா’ன்னா நீங்களும் ‘ங்கா’ன்னு சொல்லுங்க. சொல்லிட்டு நிறுத்துங்க. நீங்களே பேசிக்கிட்டே போகாதீங்க. அது பதில் சொல்ல நேரம் குடுக்கணும்”னாங்க. பொம்ம கிம்ம ஒண்ணும் வாங்க வேண்டாம், வீட்டுல இருக்க கரண்டி, தட்டு, மூடி போதும்னாங்க.

நான் அங்கிட்டு ஏதோ வேலை இருக்க மாதிரி போயிட்டேன். ஆனா காது இங்கதான் இருந்துச்சு.

எங்க வீட்டுல காலி டின்னு அடுக்கி வைக்க ஒரு ரூம் உண்டு. ஜன்னல் சின்னது. அய்யா மத்தியானம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கண்ணசருவாரு. அந்த நேரத்துல நான் டின்னு தொடைச்சு வைப்பேன். ஒருநாள் முனீஸ்வரி பிள்ளையக் கொண்டாந்து, “செத்த பிடிங்க, துணி காயப் போட்டுட்டு வாறேன்”னு கைல குடுத்துட்டுப் போயிட்டா. அவ வேணும்னேதான் செஞ்சா, இப்பத் தெரியுது. நான் சுத்தி முத்திப் பாத்தேன். ஆளு இல்ல. ‘ங்கா’ன்னேன். சொல்லிட்டு நிறுத்துனேன். பிள்ள என் வாயவே பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு சார். கன்னம் அசைஞ்சுச்சு, உதடு குவிஞ்சுச்சு, பெறகு வந்துச்சு, ‘ங்கா’ன்னு. எனக்கு அழுகை வந்திருச்சு. முப்பத்தாறு வயசுல ஒரு சேவுக்காரன் டின்னு ரூம்ல உக்காந்து அழுதேன்.

அதுக்குப் பெறகு தெனமும் மத்தியானம் டின்னு ரூம்தான். டின்னு மூடி இருக்குல்ல, இந்தா இதுதான், இதை வச்சு மூஞ்ச மறைச்சுக்கிட்டு ‘காணோம்’பேன். விலக்குவேன். அவ உருண்டு உருண்டு சிரிப்பா. நானே அவளுக்கு ஒரு அடையாளம் வச்சேன். டின்ன வெரலு மடக்கி ரெண்டு தட்டுத் தட்டுவேன், டொக் டொக். அடுப்படில எங்க இருந்தாலும் தவழ்ந்து வந்துருவா. முதுகுல ஏத்திக்கிட்டு டின்னு அடுக்கைச் சுத்தி யானை மாதிரி போவேன்.

தம்பிய விடுங்க சார், டின்னத் தட்டட்டும். அது என்ன ஒடையவா போகுது.

சிரிப்புச் சத்தம் வெளிய கேட்டுரக் கூடாதுல்ல? அய்யா பக்கத்து ரூம்ல படுத்திருக்காரு. அதனால அவ சத்தமாச் சிரிச்சா நான் வெரல வாய்ல வச்சு ‘சு...’ம்பேன். அதையும் அவ விளையாட்டுன்னு எடுத்துக்கிட்டா. அவளும் வெரல வச்சுக்கிட்டு எச்சி ஒழுக ‘சு...’ம்பா. நான் சிரிப்பேன். அவளும் சிரிப்பா, சத்தமில்லாம, தோள் மட்டும் குலுங்கும். பத்து மாசப் பிள்ள சத்தமில்லாமச் சிரிச்சுப் பாத்திருக்கீங்களா? எனக்கு அப்ப ஒரே பெருமை. என்ன புத்திசாலின்னு நெனச்சேன். இப்ப அதை நெனச்சா எனக்கு என்னமோ பண்ணுது.

காதுகுத்து வச்சோம், பதினோராம் மாசம். அதைத்தான் நான் யாருகிட்டயும் சொல்றதில்ல. உங்ககிட்டச் சொல்றேன், நீங்க எறங்குற ஊரு எதுன்னுகூட எனக்குத் தெரியாது.

கோயில்ல பந்தல் போட்டு, சொந்தக்காரங்க எல்லாம் வந்தாச்சு. முனீஸ்வரியோட தம்பி மடில உக்கார வச்சுக் காது குத்துனாங்க. ஒரு காது குத்துனதும் பிள்ள வீறிட்டு அழுதுச்சு. மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிச்சு. எல்லாரும் கையத் தட்டுறாங்க, வாழைப்பழம் காட்டுறாங்க. அவ யாரையும் பாக்கல. கண்ணால தேடுனா. கூட்டத்துல என்னக் கண்டுபிடிச்சுட்டா சார். ரெண்டு கையையும் என் பக்கமா நீட்டுனா. பத்தடி தூரம்தான். அய்யா என் பக்கத்துல நிக்காரு. சம்பந்தி வீட்டு ஆளுக, அய்யாவோட கூட்டாளிக எல்லாம் நிக்காங்க.

நான் திரும்பிக்கிட்டேன்.

பின்னால பந்திக்கு வாங்குன வாழை எலைக் கட்டு இருந்துச்சு. குனிஞ்சு எலைய எண்ணுற மாதிரி நின்னேன். ‘எலை பத்துமா, எலை பத்துமா’ன்னு யாருகிட்டயோ கேட்டேன். எலை பத்துமா! பிள்ள கத்துது, எனக்கு எலை பத்துமான்னு கவலை. எட்டு எலை வரைக்கும் எண்ணுனது ஞாபகம் இருக்கு. ரெண்டாவது காது குத்தும்போது நான் அடுப்புப் பக்கம் போயிட்டேன்.

அதுக்குப் பெறகு கூட்டத்துல என்னப் பாத்தா அவ கைய நீட்டுறதில்ல. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பிள்ளைக்கு வீட்டு வழக்கம் புரிஞ்சு போச்சு, நம்ம ரத்தம்ல, அப்படின்னு நெனச்சேன். முனீஸ்வரிகிட்ட பெருமையா வேற சொன்னேன். அடுப்பத் தொடைச்சுக்கிட்டு இருந்தவ, தொடைச்ச எடத்தையே திரும்பத் திரும்பத் தொடைச்சா.

பேச்சு வர ஆரம்பிச்சப்ப மொதல்ல ‘அப்பா’ன்னுதான் சொன்னா. டின்னு ரூம்ல வச்சு. ஆனா எப்படிச் சொன்னா தெரியுமா? ரகசியமா. காத்து மட்டும் வரும், சத்தம் வராது. காதுக்குப் பக்கத்துல வந்து ‘...ப்பா’ன்னு. அவளுக்கு அந்த வார்த்தையே அப்படித்தான் சொல்லணும்னு நெனப்பு. வெளிய வந்தா ‘தாத்தா’ன்னு ஊருக்கே கேக்குற மாதிரி கூப்புடுவா. அவங்க அம்மாவ, பூனைய, காக்காய எல்லாத்தையும் சத்தமாக் கூப்புடுவா. என்னைய மட்டும் கூப்புட மாட்டா.

செல்லக்கனி டீச்சர் ஒருநாள் மத்தியானம் வந்திருக்காங்க. முனீஸ்வரி கொல்லைல இருந்திருக்கா. டீச்சர் டின்னு ரூம் ஜன்னல் வழியாப் பாத்துட்டாங்க. நான் நாலு காலுல நிக்கேன், முதுகுல சீனி, தலைல டின்னு மூடி. டீச்சருக்குச் சந்தோசம்னா சந்தோசம். “காளிராஜ், இந்த ஊருலயே பிள்ளையோட இம்புட்டு நல்லா விளையாடுற அப்பா நீங்கதான்”னாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. பிள்ளையப் பொசுக்குன்னு கீழ எறக்கிட்டு, “இல்ல டீச்சர், அழுதுச்சு, அதான் ஓய வச்சேன்”னேன். கால் சட்டைல ஒட்டுன தூசியத் தட்டுறேன். பிள்ள என்னைய அண்ணாந்து பாக்குது. அது அழவே இல்லையே சார்.

“டீச்சர், அய்யாகிட்டச் சொல்லிறாதீங்க”ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். டீச்சர் சிரிப்ப நிறுத்திட்டாங்க. “இது என்ன களவா காளிராஜ்?”ன்னு கேட்டாங்க.

அதுக்கு மேலயும் அவங்க சும்மா இருந்திருக்கலாம். அதுதான் எனக்கு அவங்க மேல வருத்தம். நாங்க பாட்டுக்கு நல்லாத்தான இருந்தோம்? யாருக்கு என்ன கெட்டுப் போச்சு? அங்கன்வாடில அப்பாக்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போடுறோம், அப்பனும் பிள்ளையும் சேந்து விளையாடணும், மத்தவங்க பாத்துப் படிக்கணும்னு ஏற்பாடு பண்ணுனாங்க. நேரா கடைக்கே வந்து அய்யாகிட்டக் கேட்டாங்க. “பெரியவரே, வெள்ளிக்கிழமை காளிராஜையும் சீனியையும் அனுப்பி வைங்க.” நான் மாவுச் சட்டிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்கேன். அய்யா, “கவர்மெண்டு காரியம்னா போகத்தான் வேணும். நானே பேத்தியத் தூக்கிக்கிட்டு வாறேன்”னுட்டாரு.

அந்த மூணு நாளும் எனக்குச் சோறு எறங்கல. முனீஸ்வரி சொன்னா, “ஒரே ஒரு தடவ எல்லாரும் பாக்கத் தூக்கிருங்க. பெறகு எல்லாம் பழகிரும். உங்க அய்யா வெட்டியா போட்டுருவாரு?” ஆமா, தூக்குவோம்னு முடிவு பண்ணுனேன். என் பிள்ள. நான் தூக்காம யாரு தூக்க? வெள்ளிக்கிழமை காலைல சட்டைய மடிச்சு விட்டுக்கிட்டு, இதே மூடியக் கைல எடுத்துக்கிட்டுப் போனேன்.

முப்பது நாப்பது பேரு இருக்கும். அங்கன்வாடி வாசல்ல மரத்தடில பெஞ்சு போட்டிருந்தாங்க. அய்யாவுக்கு மட்டும் சேரு. ஒவ்வொரு அப்பனா நடுவுல போனாங்க. ஆட்டோக்காரன் ஒருத்தன் பிள்ளையத் தோள்ல வச்சு ஹாரன் அடிக்கிற மாதிரி கத்துனான். இன்னொருத்தன் வெக்கப்பட்டுக்கிட்டே பிள்ளைக்கு முன்னால தலைகீழா நிக்கப் பாத்து விழுந்தான். எல்லாருக்கும் சிரிப்பு. அய்யாவும் சிரிச்சாரு. அவரு சிரிக்கதப் பாத்து எனக்குத் தைரியம் வந்துச்சு.

டீச்சர் என் பேரக் கூப்பிட்டாங்க. சீனி அய்யா காலுகிட்ட நிக்கா. பதினேழு மாசம், மஞ்சக் கவுனு. நான் நடுவுல போய் முட்டி போட்டேன். டின்னு கொண்டு போகல, மூடியத் தரைல வச்சுத் தட்டுனேன். டொக் டொக்.

நிமிந்து பாத்தா சார். மூஞ்சி அப்படியே மலர்ந்துச்சு. அது ஒரு செகண்டுதான். ஒரு அடி எடுத்து வச்சா. நான் ரெண்டு கையையும் விரிச்சேன். என் வாழ்க்கைல மொத தடவையா நாலு பேரு முன்னாடி விரிச்சேன். “சீனி, அப்பாகிட்ட வா”ன்னேன். சத்தமாத்தான் சொன்னேன்.

நின்னுட்டா. திரும்பி அய்யாவப் பாத்தா. சுத்தி உக்காந்திருக்க ஆளுகளப் பாத்தா. ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தா. பெறகு என்னப் பாத்தா. வெரலத் தூக்கி வாய்ல வச்சா. ‘சு...’ன்னா.

எனக்குச் சொல்றா சார். நான் மறந்துட்டேன்னு நெனச்சு எனக்கு ஞாபகப்படுத்துறா. ஆளு இருக்காங்கப்பா, சத்தம் போடாதங்கறா. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பி, அய்யா வேட்டிக்குள்ள மூஞ்ச ஒளிச்சுக்கிட்டா. கோயில்ல நான் எலைக் கட்டுப் பக்கம் திரும்புனேன்ல, அதே மாதிரி திரும்புனா.

ஒரே சிரிப்பு. “பிள்ளைக்கு அப்பனையே தெரியலப்பா”ன்னு ஆட்டோக்காரன் சொன்னான். “டின்னத் தவிர வேற எதையும் தூக்கியிருக்க மாட்டான்”னு இன்னொருத்தன். அய்யாவும் சிரிச்சுக்கிட்டே அவளத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, “இவனுக்கு என்ன தெரியும் பிள்ள வளக்க”ன்னாரு. நான் விரிச்ச கையோட அப்படியே இருக்கேன். மடக்கணும்னுகூடத் தோணல. கூட வந்திருந்த முனீஸ்வரி சேலைய வாய்ல வச்சுக்கிட்டு அங்கன்வாடிக்குள்ள போயிட்டா.

நான் எந்திரிச்சு என்ன செஞ்சேன் தெரியுமா? டீச்சரத் திட்டுனேன். “உங்களுக்கு வேற வேலை இல்லையா? குடும்பத்த நடுத்தெருவுல இழுத்து வச்சு வேடிக்கை காட்டுறீங்களா? இனி எங்க வீட்டுப் படி ஏறாதீங்க.” அம்புட்டுப் பேரு முன்னாடி. பிள்ளையத் தூக்கத்தான் எனக்குக் கூச்சம். ஒரு பொம்பளைய நாலு பேரு முன்னாடி வையிறதுக்குக் கூச்சமே வரல பாருங்க. அவங்க கண்ணு கலங்கிருச்சு. பதிலுக்குக் கோவிக்கல. மெதுவா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, “காளிராஜ், அவளுக்கு உங்கள நல்லாத் தெரியுது. நீங்க சொல்லிக் குடுத்த விளையாட்ட அவ தப்பில்லாம விளையாடுறா”ன்னாங்க.

பதினோரு நாள் ஆச்சு. டீச்சர் வரல. நான் டின்னத் தட்டவும் இல்ல. மத்தியானம் அவ டின்னு ரூம் வாசலுக்கு வந்து நிப்பா. நான் தொடைக்கிற மாதிரி குனிஞ்சுக்குவேன். தட்டுனா வருவா, வந்தா ‘...ப்பா’ன்னு காத்தாட்டம் சொல்லுவா. அதை என்னால கேக்க முடியல சார். நேத்து அவளே ஒரு டின்ன வெரலால தட்டிப் பாத்தா. சரியாத் தட்ட வரல. தட்டிட்டு, நான் பதில் சொல்லுவேன்னு நிறுத்திக் காத்துக்கிட்டு நின்னா. நான் மூடியத் தேடுற மாதிரி டின்னுக்குப் பின்னால போயிட்டேன்.

நீங்களே சொல்லுங்க, அவ இப்படியே வளந்தா என்ன ஆகும்? நாளைக்கு அங்கன்வாடில சேப்போம். உங்க அப்பா யாருன்னு கேட்டா வெரல வாய்ல வச்சுக்கிட்டு நிப்பாளா? ராங்க் கார்ட அவங்க அம்மாகிட்டக் குடுத்து அனுப்புவாளா? என் பிள்ள என்னைய நாலு பேரு கேக்க ஒரு தடவ ‘அப்பா’ன்னு கூப்பிடணும். அது போதும் எனக்கு.

நள்ளி தாண்டிட்டோம். அடுத்து எங்க ஸ்டாப்புதான். காலைல டின்னத் தூக்கும்போதே ஒரு முடிவோடதான் வந்தேன். திரும்பிப் போகும்போது பஸ்ஸுலருந்தே தட்டணும். அய்யா கடை முன்னால இருப்பாரு, இருக்கட்டும். சொல்லட்டும், என்ன வேணும்னாலும் சொல்லட்டும். பெறகு நேரா டீச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கணும். அவங்க வந்து திரும்பவும் மொதல்லருந்து சொல்லிக் குடுக்கணும். ஒரே நாள்ல மாறாது, தெரியும். ஒரு வருசமாச் சொல்லிக் குடுத்தத மறக்க வைக்க எத்தன நாளாகுமோ.

அந்தா, மஞ்ச போர்டு தெரியுது பாருங்க, அதுதான் எங்க கடை. அந்தா அய்யா. தோள்ல அவதான், அதே மஞ்சக் கவுனு. பஸ்ஸப் பாத்துட்டா. டிரைவரண்ணே, சேவுக் கடை எறக்கம்!

இந்தா, ஜன்னல்கிட்ட டின்ன வச்சுக்கிட்டேன். ரெண்டு தட்டுத் தட்டணும். தட்டிட்டு நிறுத்தணும். அவ பதில் சொல்ல நேரம் குடுக்கணும். அய்யா நிக்காரு, பரவாயில்ல. யாரு நின்னாலும் பரவாயில்ல. தட்டப் போறேன் சார். இப்பத் தட்டிருவேன்.

நீங்க மட்டும் செத்த அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா சார்?